சிவப்பு விளக்கு எரியும் நேரம்

“எப்பல்லாம் பாப்பா நெட் போகுது?” என்று நெட்காரர் என்னைத்தான் கேட்டார்.

அக்காவின் அறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவர் மோடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பேசாமல் நிற்பவளிடம் பதில் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான். டீச்சர் என் பக்கம் திரும்பினாலே முன்பெஞ்சுக்காரியின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொள்வேன். ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன்.

“எப்பவுமேதான் போகுது தம்பி!” என்றார் அப்பா.

அப்பா பஸ் கண்டக்டர். கடைசி சீட்டுக்குக் கேட்கிற குரலில்தான் வீட்டிலும் பேசுவார். வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று “போயிட்டு வரேன்” என்றால், தெருமுனையில் யாராவது “சரிங்க” என்பார்கள்.

நெட்காரர் வயரைக் கழற்றி ஏதோ கருவியில் சொருகிப் பார்த்தார். “எல்லாம் சரியாத்தான் இருக்கு ஐயா. இதுல ஓடுறது கரண்ட் இல்ல, வெளிச்சம். உள்ள கண்ணாடி இழை. மடங்காமப் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் இருக்கும்வரை மோடத்தில் பச்சை விளக்குதான்.

“டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் ஓடிப்போற கதையால்ல இருக்கு” என்றாள் அம்மா.

அக்கா கம்ப்யூட்டர் வழியாகப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. போன இரண்டு வகுப்பும் பாதியில் அறுந்துபோயின. வியாழக்கிழமை வகுப்பில் அவளை வேலைக்கு எடுத்த மேடமும் திரையில் கூடவே உட்கார்ந்து கவனிப்பார், அதுவும் அறுந்தால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் அக்கா அத்தை ஊருக்குப் போய், அத்தை பார்த்து வைத்திருக்கும் துணிக்கடையில் நிற்க வேண்டியதுதான். இந்த வீட்டில் நான் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருக்கிற ஒரே ஆள் அக்கா.

நெட்டைக் காப்பாற்ற ஆளுக்கொரு வைத்தியம் பார்த்தார்கள். அம்மா மோடத்தைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் திருடுகிறார்கள் என்று அப்பா பாஸ்வேர்டை மாற்றினார். புதுப் பாஸ்வேர்டை அவரே கத்திச் சொன்னதில், அதுவரை தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோனது.

எனக்கு நெட்காரரின் கேள்வி மட்டும் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. ஏன் போகுது என்று அவர் கேட்கவில்லை. எப்பல்லாம் என்றுதானே கேட்டார்? நான் அந்த விளக்கையே பார்க்க ஆரம்பித்தேன். மழை பெய்தது, பச்சை. வாஷிங் மெஷின் ஓடியது, பச்சை. அக்கா முன்கூட்டியே பாடத்தை ஓட்டிப் பார்த்தாள், அப்போதும் பச்சை.

“கிளாஸ்னாதான் அதுக்கு ஆகாது போலிருக்கு. உன்னை மாதிரியேதான்டி பூனை” என்றாள் அக்கா. சத்தமில்லாமல் நடப்பதால் நான் பூனை.

யோசித்துப் பார்த்தேன். சாயங்கால ஷிப்டுக்காக அப்பா தூங்கி எழுகிற நேரமும், வகுப்பு அறுந்த நேரமும் ஒன்றாக இருந்தது. அவர் குரலுக்குப் பயந்துதான் நெட் ஓடிப்போகிறதோ? இதைப் போய் யாரிடம் சொல்வது!

வியாழக்கிழமை வந்தது. நான் அக்காவின் அறை மூலையில், திரையில் தெரியாதபடி உட்கார்ந்திருந்தேன். வகுப்பு நன்றாகப் போனது. மேடம் திரையின் ஓரத்துக் கட்டத்தில் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கூடத்தில் அப்பா இருமினார். “டீ ஆச்சா!” என்றார்.

சாத்து, சாத்து என்று அக்கா கையைக் காட்டினாள். நான் எழுந்து கதவைத் தள்ளினேன். கண் பழக்கத்தில் விளக்கின் மேல் இருந்தது. பச்சை. கதவு நிலையோடு ஒட்டியது. சிவப்பு.

திரையில் பிள்ளைகள் வாய் திறந்தபடி உறைந்தார்கள். அக்கா தலையில் கைவைத்தாள். “போச்சு. எல்லாம் போச்சுடி.”

நான் கதவின் கீல் பக்கம் பார்த்தேன். அக்காவுக்கு நெட் நன்றாகக் கிடைக்கட்டும் என்று கூடத்தில் இருந்த மோடத்தை இந்த அறைக்கு மாற்றியது அப்பாதான். யார் காலும் தடுக்கக்கூடாதென்று வயரைக் கீல் இடுக்கு வழியாக இழுத்து விட்டிருந்தார். இப்போது அது அங்கே முழங்கை மாதிரி மடங்கி நசுங்கிக் கிடந்தது.

“கதவு” என்றேன்.

“சாத்தித்தானே இருக்கு?”

“அதான்.”

கதவை அகலத் திறந்தேன். வயர் நிமிர்ந்தது. பச்சை வருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. ஒவ்வொரு பிள்ளையாக அசையத் தொடங்கியது. மேடத்தின் கட்டம் இன்னும் அங்கேயே இருந்தது.

“மன்னிச்சுக்கோங்க, இங்க ஒரு சின்னத் தடங்கல். சரி பண்ணியாச்சு” என்றாள் அக்கா. மேடம் தலையசைத்தார்.

இனி கதவைச் சாத்த முடியாது. கூடத்தில் அப்பா.

அம்மாவிடம் சொல்லிச் சொல்லவைக்க நேரமில்லை. ஓடிப்போய் அவர் எதிரில் நின்றேன். காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் “என்ன!” என்று ஆரம்பிப்பதற்குள், “அப்பா, கதவைச் சாத்தினா வயர் நசுங்குது. அதனாலதான் நெட் போகுது. கிளாஸ் முடியுற வரைக்கும் திறந்தேதான் இருக்கணும். மேடம் கேட்டுக்கிட்டு இருக்காங்க. பேசாதீங்கப்பா” என்றேன்.

என் வாயையே பார்த்தார். அம்மா கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றுவிட்டாள்.

“நான் இழுத்த வயரா?” என்று கேட்டார். அவருக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. தலையாட்டினேன்.

“நாளைக்கு நெட்காரரைக் கூப்பிட்டு மாத்தி இழுத்துடலாம்” என்று அம்மா கிசுகிசுத்தாள்.

உள்ளே அக்கா, “ஒரு கயித்தை நாலா வெட்டி ஒரு துண்டை எடுத்துக்கிட்டா?” என்று கேட்டாள். ஒரு பிள்ளை பதில் சொல்ல, மேடம் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அப்பா டீயை உறிஞ்சாமல் குடித்தார். சில்லறை குலுங்காதபடி தோல்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார். செருப்பைக் கையில் எடுத்தார். வாசலில் நின்று திரும்பி, திறந்திருந்த கதவையும் அதற்குள் எரிந்த பச்சையையும் பார்த்தார். பழக்கத்தில் வாய் திறந்தது. மூடிக்கொண்டார். என்னைப் பார்த்துக் கையை மட்டும் உயர்த்திவிட்டு, வெறுங்காலோடு படியிறங்கிப் போனார்.