ஒரு சாண் வலப்பக்கம்

“மாத்துறதா இருந்தா மாத்து மச்சான். இல்லையா, அப்படியே விடு. ரிப்பேர் மட்டும் வேண்டாம். அதோட கோணல் எனக்கு அத்துப்படி.”

ஆயுத அறையின் கம்பிச் சன்னலுக்கு வெளியே நின்று சொன்னவன் மீசை. கைதிகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும் காவலன். உள்ளே நின்று கேட்டவன் சாவி. அந்த அறைக்குப் பொறுப்பாளன். இடுப்பில் எந்நேரமும் குலுங்கும் கொத்தினால் வந்த பெயர். சாவியின் தங்கைதான் மீசையின் மனைவி.

“நாளன்னிக்கு தணிக்கை, மாப்ளே. புது அதிகாரி. ஒவ்வொண்ணையும் இரும்பு இடுக்கியில மாட்டி சுட்டுப் பாக்கறாராம். உன் பதினேழாம் நம்பர் பிஸ்டல் இடது பக்கம் இழுக்கிறது வெட்டவெளிச்சமாயிடும்.”

“உன் தங்கச்சியும்தான் நான் ஒண்ணு சொன்னா வேற பக்கம் இழுக்கிறா. மாத்தவா செஞ்சேன்? உங்க வீட்டுப் பொருள் எல்லாமே கோணல்தான். பழகிட்டேன், விடு.”

சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவனுக்கு அடுத்த இரண்டு நாளும் விடுப்பு.

பதினோரு வருடங்களுக்கு முன் படிக்கட்டில் சாவியின் கை தவறி விழுந்தது அந்தப் பிஸ்டல். குழலின் மேலே பின்பக்கம் கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன இரும்பு, குறிக்கட்டை, கொஞ்சம் நகர்ந்துவிட்டது. அன்றிலிருந்து இருபது தப்படி தூரத்தில் ஒரு சாண் இடது பக்கம் போகும். புகார் எழுதினால் கைதவறியவனுக்குத் தண்டனை. மச்சானைக் காட்டிக்கொடுக்க மீசைக்கு மனமில்லை. ஒரே மாதத்தில் கண்ணைப் பழக்கிவிட்டான். எதைச் சுடவேண்டுமோ அதற்கு ஒரு சாண் வலப்பக்கம் பார்ப்பான். குண்டு போய் நடுவில் நிற்கும். வேறு யாருக்கும் அந்த எண் கொடுக்கப்படுவதில்லை. ஆளுக்கு ஒரு எண், ஓய்வு பெறும்வரை. ஆகவே விஷயம் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

இப்போது மூன்றாவதாக ஓர் இரும்பு இடுக்கிக்குத் தெரியப்போகிறது.

மாற்றச் சொல்லி எழுதலாம். எழுதினால் பிஸ்டல் அன்றைக்கே திரும்பிப் போகும்; புதுசு வர இரண்டு வருடம். அதுவரை மீசைக்குக் கையில் தடி. ஆயுள் கைதிகளோடு ஒரே வண்டியில், தடியோடு. போன வருடம் அப்படிப் போன ஒருவன் ஒரு கண்ணோடு திரும்பினான். தவிர, ‘எத்தனை நாளாக இழுக்கிறது?’ என்று கேட்பார்கள். வருடா வருடம் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் என்ன சொல்வது?

விட்டுவிட்டால் நாளை மறுநாள் அதே கதிதான்.

சாவி மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தான். தணிக்கைக்கு மட்டும் நேராக்குவது. அதிகாரி ஜீப் ஏறியதும் பழையபடி கோணலாக்குவது. மீசைதான் விடுப்பில் இருக்கிறானே. சொன்னால் தாம்தூம் என்று குதிப்பான். எதற்கு?

மறுநாள் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு பித்தளை உளியால் மெல்லத் தட்டினான். நூலிழை நூலிழையாய் நகர்த்தினான். தட்டிய அடையாளம் தெரியாமல் கறுப்பு பூசித் துடைத்தான். முடித்துப் பார்த்தபோது அவனுக்கே பெருமையாக இருந்தது. வேலை அவ்வளவு சுத்தம்.

தணிக்கை அன்று பதினேழு இடுக்கியில் உட்கார்ந்து மூன்று முறை சுட்டது. அட்டையில் மூன்று ஓட்டைகளும் ஒரு பொத்தானால் மூடிவிடும்படி நெருங்கி விழுந்தன.

“பிரமாதமா வச்சிருக்கீங்களே!” என்றார் அதிகாரி.

சாவி பல்லைக் காட்டினான். காட்டிய பல் மூடுவதற்குள் சன்னலில் மீசையின் முகம்.

“விடுப்பாவது மண்ணாவது! டூட்டிக்காரனுக்குக் காய்ச்சலாம், என்னைக் கூப்பிட்டுட்டாங்க. கோர்ட்டுக்கு ஒரு உருப்படி போகுது. பதினேழைக் குடு மச்சான்.”

தோளுக்குப் பின்னால் அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். ‘இன்னிக்கு நேராச் சுடும்’ என்று சொன்னால், நேற்றுவரை எப்படிச் சுட்டது என்ற கேள்வி வரும்.

“என்ன, தூங்குறியா?”

“அது வந்து… வேற நம்பர் எடுத்துக்கோயேன்.”

“வேற நம்பரா?” அதிகாரி நிமிர்ந்தார். “ஏன்? இது இப்பத்தானே தேறிச்சு? குடுங்க.”

கொடுத்தான். மீசை கையெழுத்துப் போட்டு, செல்போனை வழக்கம்போலப் பெட்டியில் போட்டுவிட்டு நடந்தான். சாவி பின்னாலேயே வாசல் வரை ஓடினான்.

“ஹலோ! ஆயுத அறையைத் திறந்து போட்டுட்டு எங்கே போறீங்க?” என்றது அதிகாரியின் குரல்.

திரும்பினான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

அதிகாரி போக முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஜீப் வாசலைத் தாண்டியதும் சாவி மீசையின் எண்ணுக்கு அடித்தான். மணி ஒலித்தது. அவனுக்குப் பின்னால், அலமாரியில், தகரப் பெட்டிக்குள்.

பூட்டினான். பைக்கை உதைத்தான்.

போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பதினோரு வருடத்தில் மீசை பணியில் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. பழகுமிடத்தில் அட்டையைத்தான் சுட்டிருக்கிறான். இன்றைக்கு மட்டும் என்ன வந்துவிடப்போகிறது?

கோர்ட் வாசலில் ஜனம் வெளியே ஓடிவந்துகொண்டிருந்தது.

நீதிபதி முன்னால் நிறுத்துவதற்காக விலங்கைக் கழற்றிய அரை நிமிடத்தில் கைதி சன்னல் கண்ணாடியை உடைத்திருந்தான். அந்த வழியாக வந்த டைப்பிஸ்ட் அம்மாளை இழுத்து, உடைந்த துண்டை அவள் கழுத்தில் வைத்திருந்தான். சாவி மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில் ஏறியபோது நீளமான நடைபாதை முழுக்கத் தெரிந்தது. இந்தக் கோடியில் மீசையின் முதுகு. அந்தக் கோடியில் அவள், கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடியோடு. அவள் தலைக்கு இடது பக்கத்தில் கைதியின் பாதி முகம். நடுவே இருபது தப்படி.

கண்ணாடி கழுத்தில் இறங்கத் தொடங்கிவிட்டது. மீசை கையை நீட்டிவிட்டான். நடுங்காத கை. பதினோரு வருடம் பழகிய கண். ஒரு சாண் வலப்பக்கம்.

“மாப்ளே, சுடா—”

சுட்டான்.

குண்டு, பார்த்த இடத்துக்கே போனது.

விசாரணையில் ஒன்பது பேர் சாட்சி சொன்னார்கள். வார்த்தை மாறாமல் சொன்னார்கள். “அந்தம்மா நெத்திக்கு நேரா நீட்டினாரு சார். அவங்களையே பாத்துச் சுட்டாரு.”

சாவி தானாகவே போய் எல்லாவற்றையும் சொன்னான். கீழே விழுந்தது முதல் கறுப்பு பூசியது வரை. விசாரணை அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

“இது யார் கையெழுத்து?”

“என்னுது சார்.”

“என்ன எழுதியிருக்கு?”

“சரின்னு.”

“இந்த வருஷம்?”

“சரி.”

“இதுக்கு முந்தி?”

“எல்லாமே சரிதான் சார். ஆனா பொய் சார்.”

மீசை வருடந்தோறும் சுட்ட பழைய அட்டைகளை அவர் மேஜையில் பரப்பினார். ஒவ்வொன்றிலும் நடு வட்டம் மட்டும் சல்லடையாய்க் கிடந்தது. “இழுக்கிற துப்பாக்கியில இப்படிச் சுட முடியுமா?”

“தள்ளிக் குறி பாப்பான் சார்.”

“நேர் துப்பாக்கியில நேரா பாத்தாலும் இப்படித்தான் விழும், இல்லையா?”

“குறிக்கட்டையைப் பாருங்க சார், நான்தான் தட்டினேன்.”

“தட்டின அடையாளம் ஏதாவது இருக்கான்னு லென்ஸ் வச்சுப் பாத்தாச்சு. ஒரு கீறல் இல்ல. தங்கச்சி புருஷன், தப்பிக்கவைக்கணும், புரியுது. கேக்கறவன் கேனயனா இருந்தா எலி ஏரோப்ளேன் ஓட்டும்னு சொல்லுவீங்க போல. போங்க.” பிறகு ஒரு தாளை நகர்த்தினார். “இதை மட்டும் நிரப்பிட்டுப் போங்க. வழக்கு முடிஞ்சதும் பதினேழை என்ன செய்யணும்? பழுது பாக்கணுமா, மாத்தணுமா?”

தாளில் இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டிலும் எழுத ஒன்றுமில்லை. அதில் பழுதே இல்லை.

சிறையில் மறுபடியும் நடுவே கம்பி. இந்த முறை மீசை உள்ளே. மீசையை மழித்திருந்தார்கள்.

“மச்சான், எனக்குக் கை நடுங்கிச்சா? நீ பின்னாலதானே நின்னே?”

“இல்ல மாப்ளே.”

“தள்ளித்தான் பாத்தேன். கரெக்டா ஒரு சாண். அப்புறம் எப்படி?”

சாவி சொன்னான். சொல்லி முடிக்க ஐந்தே நிமிடம் பிடித்தது. மீசை கம்பியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான்.

“ரிப்பேர் மட்டும் வேண்டாம்னு சொன்னேனே.”

“சொன்னே.”

“சன்னல்ல நின்னப்ப ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாமே மச்சான்.”

உள்ளே திரும்பி நடந்தான். சாவி மூன்று தடவை கூப்பிட்டும் அவன் நிற்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் தங்கை காத்திருந்தாள். அவளுக்கு அன்றைக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னண்ணே சொன்னாரு?”

சாவி வாயைத் திறந்தான்.

“நீ சாப்பிட்டியான்னு கேட்டாரு,” என்றான்.