இடது தோளில் ஒரு கோடு

1

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தி, புது முகமை ஆரம்பிச்ச முதல் நாளே, பெட்டி மேல போடுற சாக்பீஸ் கோட்டை ஆள் மேல போட்டுட்டா தம்பி" என்றார் அண்ணி. அண்ணன் சிரித்தார். சிரிப்பு அவருக்கு இப்போது பாதியிலேயே நின்றுவிடுகிறது; வாரா வாரம் மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிற உடம்பு. நானும் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை, எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

எனக்கு அப்போதே கை அரித்தது. (வீட்டில் ஒரு எழுத்தாளன் இருந்தால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.)

தொடக்கம், முதல் முயற்சி: "நாட்டின் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு, குடிவரவுத் துறையும் சுங்கத் துறையும் கலைக்கப்பட்டு, அவற்றின் இடத்தில்..." வேண்டாம். அரசாணை மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: "கடல் அன்று அமைதியாக..." அடித்துவிட்டேன். கடலைப் பற்றி எழுதத் தொடங்கினால் கப்பல் கரைக்கு வருவதற்குள் நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.

மூன்றாவது: "பெயர்ப்பலகை வந்துவிட்டது. முத்திரை வரவில்லை." இது பரவாயில்லை. இங்கிருந்து போகலாம்.

2

பெயர்ப்பலகை வந்துவிட்டது. முத்திரை வரவில்லை.

'குடிவரவு மற்றும் சுங்க அமலாக்க முகமை' என்ற பெயர் வாசல் நிலைக்கு மேல் அடங்காமல் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றது. முத்திரை வராததற்குக் காரணம் சின்னத் தகராறு. சுங்கத்திலிருந்து வந்தவர்கள் சின்னத்தில் தராசு வேண்டும் என்றார்கள். குடிவரவிலிருந்து வந்தவர்கள் கதவு வேண்டும் என்றார்கள். இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே முதல் நாள் கப்பல் வந்து பயணிகள் இறங்கியபோது, எந்த மேசையிலும் குத்துவதற்கு எதுவும் இல்லை. ஆவணங்கள் சரியாக இருப்பவர்களுக்குத் துண்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று உத்தரவு.

நம் கதாநாயகியை உடன் வேலை செய்பவர்கள் 'சாக்பீஸ் அக்கா' என்பார்கள். சுங்கத்தில் இருந்தவரை அவளுடைய வேலை இதுதான்: பெட்டியைத் திற, துணிக்கு அடியில் கையை விடு, மூடு, மூடியின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு இழு. கோடு இருந்தால் வெளிவாசல் காவலர் கதவைத் திறப்பார், ஒரு கேள்வி கேட்க மாட்டார். ஆளின் முகத்தைப் பார்க்கும் வழக்கமே சுங்கத்தில் கிடையாது. முகத்தைப் பார்த்தால் இரக்கமோ எரிச்சலோ வரும், பெட்டியின் மேல் இருக்கிற கவனம் சிதறிவிடும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இப்போது அவளை முகங்களுக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள்.

* சாக்பீஸை அவள் சட்டைப் பையில் வைத்திருந்தாள் என்று எழுதியிருந்தேன். அண்ணியிடம் கேட்டேன். "பையில அப்படியே வெச்சா பொடியாயிடும். பாதிக்குக் காகிதம் சுத்தி வெச்சுக்கணும், அப்பதான் விரல்லயும் ஒட்டாது." திருத்திவிட்டேன்: பாதிக்குக் காகிதம் சுற்றிய சாக்பீஸ்.

3

வரிசையில் ஒரு மனிதர் வந்தார். தரைக்கு ஓடு பதிக்கிற வேலை. இந்த ஊரில் பல வருடமாக இருக்கிறவர், தகப்பனாரின் சாவுக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தார். நீல நிறக் கோட்டு போட்டிருந்தார். முழங்கால் இரண்டும் காய்த்துப்போனவர்களின் நடை. கையில் இருந்த அனுமதிச் சீட்டு ஒழுங்காகத்தான் இருந்தது, ஒரே ஒரு குறை தவிர: அதில் இருந்த முத்திரை பழைய குடிவரவுத் துறையுடையது. அந்தத் துறை முந்தின நாள்தான் கலைக்கப்பட்டது. இல்லாத துறையின் முத்திரையோடு வருபவர்களை ஓரத்து பெஞ்சில் உட்காரவைத்து, வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது இரண்டாவது உத்தரவு.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

[முதல் வரைவில் அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தையை வைத்தேன். படித்துக்காட்டியபோது அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "கொழந்தை இருந்தாதான் உன் வாசகருங்க பாவப்படுவாங்களா? அவ புருஷனைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கா. அது போதாதா?" குழந்தையை எடுத்துவிட்டேன். கையில் ஒரு குடை மட்டும் கொடுத்திருக்கிறேன்.]

"முத்திரை பழசு" என்றாள் சாக்பீஸ் அக்கா.

"நான் போறப்ப அதுதாங்க புதுசு" என்றார் அவர்.

கிண்டல் இல்லை. உண்மையாகவே விளக்கம் சொல்கிறார். பெஞ்சைக் காட்ட அவள் கையைத் தூக்கினாள். கை பெஞ்சின் பக்கம் போகவில்லை. பைக்குள் போய், சாக்பீஸை எடுத்து, மேசைக்கு மேலாக நீண்டு, அவருடைய வலது தோளில்

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. 'பழக்க தோஷத்தில்' என்று ஆரம்பித்தால் ஒரு கதை. 'ஒரு கணம் யோசித்து' என்று ஆரம்பித்தால் வேறு கதை.)

கோடு விழுந்தது. அவர் நடந்தார். வெளிவாசல் காவலர் சுங்கத்திலிருந்து வந்தவர். கோட்டைப் பார்த்தார், கதவைத் திறந்தார். வெளியே குடை விரிந்தது.

4

விசாரணை இல்லாமல் இருக்குமா? புதிய முகமையின் முதல் விசாரணையே இதுதான்.

இயக்குநரைக் கெட்டவராக எழுத ஆசைப்பட்டேன், மனிதர் இடம் கொடுக்கவில்லை. அவளுக்கு நாற்காலி போட்டு, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்துவிட்டுத்தான் பேசுகிறார்.

"நாளைக்கு விசாரணையில ஒரே கேள்விதான்மா. பழக்கத்துல செஞ்சீங்களா, தெரிஞ்சு செஞ்சீங்களா?"

புதிய சட்டம் அப்படி. அதிகாரி தெரிந்து கொடுத்த அனுமதியை முகமை திரும்பப் பெற முடியாது; அந்த ஆள் இங்கேயே இருக்கலாம். ஆனால் உத்தரவை மீறிய அதிகாரிக்கு வேலை போகும். கை தவறிக் கொடுத்தது என்றால் அனுமதி செல்லாது. ஆளைப் பிடித்துக் கப்பலேற்றுவார்கள். அதிகாரிக்கு ஒன்றும் ஆகாது.

"பழக்கம்னு சொல்லிடுங்க. எல்லாருக்கும் புரியும். இத்தனை வருஷம் பெட்டி பாத்த கை" என்றார் இயக்குநர்.

கதையை இங்கே நிறுத்தி, அண்ணியிடம் முழுவதையும் வாசித்துக்காட்டினேன். அவர் துணி மடித்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சொன்னார்:

"வலது தோள் இல்ல தம்பி, இடது. வலது தோள்ல அவர் பை மாட்டியிருந்தார். போட்டிருந்த கோட்டும் நீலம் இல்ல, பழுப்பு."

பேனாவை எடுத்துத் திருத்தப் போனேன். பாதியில் கை நின்றது.

"அண்ணி..."

"ம்."

"எங்க ஆபீஸ்ல ஒருத்தின்னு சொன்னீங்களே."

"ஆபீஸ்ல ஒருத்திதானே நானும்."

கதை எழுதுகிறேன் என்று இத்தனை நாள் அவர் எதிரிலேயே உட்கார்ந்து, அவருடைய விரலில் என்ன ஒட்டும், என்ன ஒட்டாது என்று அவரிடமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு உறைக்கவே இல்லை.

5

முடிவு அ: பழக்கம் என்கிறாள். வேலை தப்புகிறது. வேலையோடு ஒட்டியிருக்கிற, அண்ணனின் சிகிச்சைச் செலவை ஏற்கிற மருத்துவ அட்டை தப்புகிறது. அதாவது என் அண்ணன் தப்புகிறார். ஓடு பதிப்பவர் வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள்.

முடிவு ஆ: தெரிந்துதான் செய்தேன் என்கிறாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்றவள் இனி அங்கே வந்து நிற்க வேண்டியதில்லை. அண்ணன்

(இதையும் முடிக்க முடியவில்லை. எழுத்தாளன் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று மேடையில் பேசியிருக்கிறேன். எனக்கு என் அண்ணன் வேண்டும். இதை எந்த மேடையிலும் சொல்ல முடியாது, இங்கே சொல்கிறேன்.)

"உண்மையில எது அண்ணி?" என்று கேட்டேன்.

மடித்த சட்டையை மறுபடி உதறி, மறுபடி மடித்தார்.

"கை தானாத்தான் போச்சு தம்பி. ஆனா அது போறத நான் பாத்துட்டுதான் இருந்தேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. இதுக்கு என்ன பேரு சொல்லு, நீதான் எழுதுறவனாச்சே."

பேனாவை மூடி வைத்தேன்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும். 'உன் கை, நீ பாத்துக்க'ன்னார். அப்புறம் திரும்பிப் படுத்துக்கிட்டார்."

6

இன்று காலை. விசாரணை நாள். அண்ணி சீருடையைப் போட்டுக்கொண்டார். சட்டைக் கையில் புதுச் சின்னம் தைத்திருந்தது: தராசும் இல்லை, கதவும் இல்லை, சண்டை தீராமல் வெறும் வட்டம். அண்ணனுக்கு மாத்திரைகளை எடுத்துவைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். நான் வாசலில் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். 'பழக்கம்னு சொல்லிடுங்க அண்ணி' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அவர் முந்திக்கொண்டார். "கதையில என்ன முடிவு எழுதியிருக்க?"

"இன்னும் எழுதல."

"எழுதாத. நான் எதைச் சொன்னாலும் அது நான் சொன்னதா இருக்கட்டும்."

வழிவிட்டேன். அவர் தெருமுனையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே இனி எழுதுவது விசாரணை அறையின் வாசல் வரைதான். மின்விசிறி அண்ணியின் பக்கம் திருப்பப்பட்டிருக்கிறது. இயக்குநர் கேட்கிறார்: "பழக்கமா, தெரிஞ்சு செஞ்சதா?" அண்ணி நிமிர்ந்து, இந்த முறை எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து,

"....................." என்கிறார்.

இடம் விட்டிருக்கிறேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எது எழுதினாலும் சரி. என்னிடம் மட்டும் காட்டாதீர்கள். இன்று இரவும் நான் அந்த மேசையில்தான் அவர்கள் இரண்டு பேரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.