பேணாட் நடந்த நடை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது திருகோணமலையில், நெஞ்சுநோய்க் கிளினிக் ஒன்றின் வாங்கில் உட்கார்ந்திருந்தபோது. இருமலோடு போனேன், கதையோடு திரும்பினேன். இருமலும் கூடவே வந்தது.

முதல் தொடக்கம்: ‘துறைமுகத்தின் மேல் சூரியன் எழும்பும்போது பேணாட்—’

(நிறுத்திவிட்டேன். பேணாட் எழும்பும்போது சூரியன் உச்சிக்கு வந்துவிடும்.)

சரி, நேராகச் சொல்கிறேன். பேணாட் முன்பு தோணி ஓட்டியவர். நாட்பட்ட மூச்சுக்குழாய் நோய். ஸ்கான் படத்தில் நுரையீரல் பழுதாகிக் கிடந்தது. படத்துக்கும் நடைக்கும் என்ன தொடர்பு என்று ஆராயும் டொக்டர் சுதர்ஷிகா, நடையை அளக்கும் பெல்ட் ஒன்றை அவருக்குக் கொடுத்தார். பேணாட்டோ கதிரையை விட்டு எழும்பாதவர்.

2

அவரை வீரனாக்கப் பார்த்தேன். ‘மூச்சிரைக்கக் கோட்டை ஏற்றத்தில் பேணாட்—’ (ஏலாது என்கிறார். எழுதுகிறவன் பேச்சை யார் கேட்கிறார்கள்?)

ஆகவே அவருடைய மனைவி இன்பமலர் உள்ளே வருகிறார். விடியப்புறம் சிரட்டை நெருப்பில் அப்பம் சுட்டு விற்பவர்.

“இஞ்சேருங்கோ, உது என்ன பெல்ட்?”

“மூச்சிளைப்புக்குக் கிளினிக்கில தந்தவை.”

“எனக்கும்தானே இளைக்குது. நீங்கள் சும்மா இருக்கேக்க நான் கட்டிப் பாக்கிறன்.”

(அந்த வீட்டில் ஒருவருக்கு எழுதிய மருந்தை இருவரும் குடிப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படியில்லை என்றால் நம்பிவிடுகிறேன்.)

பெல்ட் இன்பமலரின் இடுப்பில் குசினி அடுப்படி, கிணற்றடி, சந்தை, மாதா கோயில் என்று சுற்றியது. பேணாட் சும்மாவே இருந்ததால் அடுத்த கிளினிக் நாள்வரை அது அவரிடம் திரும்பவேயில்லை.

3

“ஐயா, இந்தப் படத்தோட இவ்வளவு நடக்கிறீங்களா?” பெல்ட்டில் பதிவான கணக்கைப் பார்த்த டொக்டருக்கு வியப்பு.

“ஓம்,” என்றார் பேணாட், நெஞ்சை நிமிர்த்தி. அந்த இடத்தில் எனக்கே சிரிப்பு வந்தது.

“ஆனா விடியப்புறத்தில நிண்டு நிண்டுதான் நடக்கிறீங்கள். நாளுக்கு நாள் அது கூடுது. இதை இப்பிடியே விடேலாது. திரும்ப ஸ்கான் எடுப்பம்.”

விடியப்புறத்தில் பேணாட் குறட்டை விடுவார். அடுப்புப் புகைக்குள் நிற்பது இன்பமலர். அவருடைய நெஞ்சை இதுவரை யாரும் படம் பிடித்ததில்லை. பேணாட் திரும்பிப் பார்த்தார். கதவோரம் இன்பமலர் சேலைத் தலைப்புக்குள் இருமிக்கொண்டு நின்றார்.

4

முடிவு ஒன்று: பேணாட் உண்மையைச் சொல்கிறார். (அவ்வளவு நல்லவரா? எனக்குச் சந்தேகம்.)

முடிவு இரண்டு: வாயே திறக்காமல் ஸ்கான் அறைக்குள் போகிறார், அவருடைய செருப்பைக் கையில் காவிக்கொண்டு இன்பமலர் வெளியே—

(கிழித்துவிட்டேன். கோபம் வந்தது.)

என்னால் முடிந்தது இவ்வளவுதான்: பேணாட் எழும்பிவிட்டார். இந்தக் கதையில் யாரும் சொல்லாமல் அவர் கதிரையை விட்டு எழும்பியது இதுதான் முதல் தடவை. அடுத்து அவர் சொல்லவேண்டியதை நீங்கள் எழுதுங்கள். தாமதிக்காமல் கொஞ்சம் கெதியாக எழுதுங்கள். இன்பமலர் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.