சாந்தாமணியின் சக்கிமுக்கித் துப்பாக்கி

டெக்சாஸின் ஆலன் நகரில் பல் மருத்துவராக இருக்கும் சாந்தாமணிக்கு ஐம்பதாவது வயதில் துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தது. அதைப் பிடிக்க வைத்தவர் வெர்னன் என்ற பெரியவர். கடைவாய்ப் பல்லுக்கு உறை போட வந்தவருடைய ஒரு புருவம் பாதி கருகியிருந்தது. என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாள். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. எழுந்து போகும்போது, சனிக்கிழமை காலை எங்கள் கிளப்புக்கு வந்து நீங்களே பாருங்கள் என்று அழைத்துவிட்டுப் போனார்.

ஊருக்கு வடக்கே, மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவில் இருந்தது அந்த கிளப். அங்கே யாரிடமும் இந்தக் காலத்துத் துப்பாக்கி கிடையாது. எல்லாமே குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, எண்ணெயில் நனைத்த துணித்துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து, நீண்ட மரக்கோலால் அடிவரைக்கும் தள்ளிச் சுடுகிற பழைய வகை. விசையை இழுத்தால் சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கிண்ணத்தில் தூவிய மருந்து கண்ணெதிரே குப்பென்று பற்றும். அதற்குப் பிறகுதான் குழலுக்குள் வெடிக்கும். வெர்னனின் புருவம் போனது அந்தக் கிண்ணத்துத் தீயில்தான்.

சாந்தாமணி அன்று ஒரே ஒரு தடவை சுட்டாள். கன்னத்தில் கரியும் வாயெல்லாம் சிரிப்புமாக வீடு திரும்பி, சாப்பிட உட்காரும் முன்பே தனக்கென்று ஒன்று ஆர்டர் செய்துவிட்டாள். முழுத் துப்பாக்கி அல்ல. குழல் தனியாக, கல்லைப் பிடித்திருக்கும் விசைப் பொறி தனியாக, செதுக்காத மரக்கட்டை தனியாக வரும். நாமே பொருத்திக்கொள்ள வேண்டும்.

அவள் கணவன் சேனாபதிக்குத் தலை சுற்றியது. பெயர்தான் சேனாபதி, வெடிச்சத்தம் என்றால் அவனுக்கு ஆகாது. அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை நாலாம் தேதி தெருவே நாற்காலி போட்டு வாணவேடிக்கை பார்க்கும்போது, அவன் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பக்கத்து வீட்டு நஞ்சுண்டன் பார்பிக்யூவுக்குக் கூப்பிட்டால், அன்றைக்கு மட்டும் ஆபீஸ் கால் இருக்கிறது என்பான். வீட்டுக்குள் துப்பாக்கி வரக்கூடாது என்று சேனாபதி கண்டிப்பாகச் சொல்லிப் பார்த்தான். இதில் ஒருமுறை சுட்டு மறுமுறை சுடுவதற்குள் ஒரு காபியே குடித்துவிடலாம், எந்தத் திருடனும் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டான், அதனால் இதை ஆயுதமாகவே நினைக்க வேண்டாம் என்றாள் அவள். ஆஸ்டினில் படிக்கும் மகள் ரோஷினியை போனில் அழைத்து அவன் முறையிட்டான். அவள் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டு, "லெட் ஹர் ஹேவ் ஃபன், அப்பா" என்று சொல்லிவிட்டாள்.

ரோஷினியின் மேஜை பட்டறையாக மாறியது. குளிர்காலம் முழுக்க, கிளினிக் முடிந்து வந்ததும் சாந்தாமணி அங்கேதான் இருந்தாள். விசைப் பொறி மரத்துக்குள் இழை பிசகாமல் பதிய வேண்டும். எந்த இடம் இடிக்கிறது என்று கண்டுபிடிக்க மற்றவர்கள் விளக்குக் கரியைப் பூசிப் பார்ப்பார்களாம். அவள் கிளினிக்கிலிருந்து நீலத் தாளை எடுத்து வந்தாள். பல்லை அடைத்தபின் கடித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பார்களே, அதே தாள். இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் அதை வைத்து அழுத்துவாள். நீலம் ஒட்டிய இடத்தை மட்டும் சின்ன உளியால் சீவுவாள். மறுபடி அழுத்துவாள். சேனாபதி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்று பார்ப்பான். கொஞ்ச நாளில் டார்ச் பிடிக்கும் வேலை தானாகவே அவனிடம் வந்து சேர்ந்தது. மருந்து இல்லாதவரை அது வெறும் மரமும் இரும்பும்தானே என்று அவன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். எண்ணெய் பூசி முடித்த அன்று வால்நட் மரத்தின் வரிகள் தேன் நிறத்தில் எழுந்து வந்தன. அவன்தான் முதலில் அதை போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினான்.

ஆனால் சுடப் போனபோது துப்பாக்கி அவள் பேச்சைக் கேட்கவில்லை. குண்டுகள் எல்லாம் குறிக்குக் கீழே, இடது பக்கமாகப் போய் மண்ணில் புதைந்தன. அவள் குழல் நுனியில் இருக்கும் குறிமுள்ளை அரம்போட்டுப் பார்த்தாள், கல்லை மாற்றினாள். மருந்தைக் குறை என்றார் ஒருவர், கூட்டு என்றார் இன்னொருவர், துணி மெல்லிசு என்றார் வெர்னன். நான் ஒருமுறை சுட்டுப் பார்க்கட்டுமா என்று அவர் கேட்டபோது, தான் செய்ததை அடுத்தவர் கையில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் முகம் சுருங்கித் திரும்பி வந்தாள். குழலைக் கழுவ வெந்நீர் வைத்துவிட்டு, நீர் கொதித்து வற்றுவதுகூடத் தெரியாமல் நின்றாள்.

அதைப் பார்க்கத் தாங்காமல் ஒரு சனிக்கிழமை சேனாபதியும் உடன் கிளம்பினான். காதுக்குள் அடைப்பான், அதன் மேல் காதுக் கவசம். போதாதென்று காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துகொண்டான். அங்கிருந்தே மனைவியைப் பார்த்தான். அவள் துப்பாக்கியைத் தோளில் சாய்த்தாள். குறி பார்த்தாள். விசையை இழுக்கும் அந்தக் கணத்தில் தோள் மேலேறியது, முகவாய் உள்ளே போனது, கண்கள் இறுக மூடின. அடுத்த தடவையும் அப்படியே. அதற்கடுத்த தடவையும்.

அதைப் பார்க்க அவனுக்குக் கண்ணாடி பார்ப்பதுபோல் இருந்தது.

திரும்பும் வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோதுதான் சொன்னான்.

"சாந்தா, துப்பாக்கில ஒரு குறையும் இல்ல. நீ சுடறப்ப கண்ண மூடிக்கறே."

"நானுங்களா? நான் எதுக்குங்க மூடறேன்?"

"பயம்."

அவளுக்குச் சுருக்கென்றது. தினமும் நாற்காலியில் படுத்திருப்பவர்களிடம் பயப்படாதீர்கள் என்று சொல்வது அவள் தொழில். காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்த மனிதர் என்னைப் பயந்தவள் என்று சொல்வதா என்று கேட்டுவிட்டாள். கராஜில் காரை நிறுத்தியபிறகு அவன் மெல்ல வாயைத் திறந்தான்.

"எனக்குத் தெரிஞ்ச ஒரே சப்ஜெக்ட் அதுதான் அம்மிணி. அதுல நான் தப்பாச் சொல்ல மாட்டேன்."

சாந்தாமணி உள்ளே போய்விட்டாள். ஆனால் அடுத்த சனிக்கிழமை அவளே அவனைக் கூப்பிட்டாள். போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுக்கச் சொன்னாள். அவன் காரைவிட்டு இறங்கி, காதுக் கவசத்தை அழுத்திக்கொண்டு எடுத்தான். வீட்டுக்கு வந்து சமையலறை மேடையில் சாய்ந்தபடி அவள் அதைப் பார்த்தாள். பொறி பறக்கும் முன்பே கண் மூடியிருந்தது. குழல் முனை இடது பக்கமாகக் கீழே சாய்ந்தது. மறுபடி பார்த்தாள்.

"இத்தன நாளா ஒருத்தரும் சொல்லலைங்களே," என்றாள்.

"அவங்க எல்லாரும் குறியப் பாத்துட்டு இருந்தாங்க. நான் உன்னத்தான் பாத்தேன்."

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பிறகு, இதற்கு என்ன செய்வது என்று கேட்டாள்.

வெர்னனிடம் கேட்டபோது அவர் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டார். வைத்தியம் பழையதுதான். சுடுபவர் மருந்து போடக் கூடாது. வேறொருவர் மறைவாக நின்று போட வேண்டும். சில முறை உண்மையாக, சில முறை வெறும் பாவனையாக. விசையை இழுக்கும்வரை வெடிக்குமா வெடிக்காதா என்று சுடுபவருக்குத் தெரியக் கூடாது. வெடிக்காதபோது குழல் ஆடினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அப்படியே பழகிப் பழகி உடம்பு பயத்தை விட்டுவிடும். அந்த வேலைக்கு சாந்தாமணி கணவனைத்தான் கேட்டாள்.

மருந்துக் குப்பியைத் தொடவே சேனாபதிக்கு ஒரு காலை முழுக்க ஆயிற்று. வெர்னன் பக்கத்தில் நின்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார். அளவுக் குழாயில் மருந்து, பிறகு துணி, பிறகு குண்டு. கோலை அடிவரை தள்ளியதும் அதில் கீறிய கோடு குழல் வாய்க்கு நேராக நிற்க வேண்டும். அவன் ஒவ்வொன்றையும் இருமுறை சரிபார்த்தான். வெடிக்கும் ஒவ்வொரு முறையும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் இடத்தைவிட்டு அசையவில்லை. வெறும் பாவனையில் கொடுத்தபோது அவள் குழல் குனிந்தால், அவன் சிரிக்காமல் அதை வாங்கி மறுபடி நிரப்பினான். வசந்தகாலம் முடிவதற்குள் குண்டுகள் மண்ணைவிட்டு எழும்பிக் குறியின் ஓரத்துக்கு வந்தன.

மே மாதம் கிளப்பில் ஜோடிப் போட்டி வைத்தார்கள். ஒருவர் நிரப்ப வேண்டும், இன்னொருவர் சுட வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு வாய்ப்பு. மரத்துண்டில் ஒரு கோடரியை, கூர் நம்மைப் பார்த்திருக்கும்படி பதித்து, அதன் இரு புறமும் பின்னால் ஒவ்வொரு பலூன் கட்டியிருந்தார்கள். குண்டு கோடரியின் கூரில் பட்டால் இரண்டாகப் பிளந்து இரண்டு பலூனையும் உடைக்கும். கிளப்பே சுற்றி நின்று பார்த்தது. அவர்கள் முறை வரும் நேரத்தில் பக்கத்தில் நின்ற ஒருவர், மருந்துப் புகை ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று ஏதோ சொல்ல, சேனாபதி ஆர்வமாகப் பதில் பேசிக்கொண்டே நிரப்பி முடித்து, துப்பாக்கியை மனைவி கையில் கொடுத்தான்.

சாந்தாமணி கிண்ணத்தில் மருந்து தூவிக் குறிபார்த்தாள். இழுத்தாள். கிண்ணத்தில் தீ குப்பென்று எழுந்தது. வெடிக்கவில்லை. தாமதித்து வெடிக்கலாம் என்பதால், விதிப்படி அவள் துப்பாக்கியைக் குறியைவிட்டு எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் வரவில்லை. வெர்னன் வந்து கோலை உள்ளே விட்டுப் பார்த்தார். கோடு குழலுக்குள் ஆழமாக இறங்கிவிட்டது. உள்ளே துணி இருந்தது, குண்டு இருந்தது. மருந்து மட்டும் இல்லை.

சேனாபதியின் முகம் வெளிறியது. இவ்வளவு பேர் முன்னால் அவளைக் கெடுத்துவிட்டேனே என்று தமிழிலும் ஆங்கிலத்திலுமாக மன்னிப்புக் கேட்டான். அவளோ அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏனுங்க, குழல் ஆடுச்சுங்களா?"

அவன் யோசித்தான். அவள் கண் திறந்திருந்தது. தீ முகத்தெதிரே எழுந்தபோதும் இமை அசையவில்லை. குழல் முனை கோடரியைவிட்டு ஒரு நூல்கூட நகரவில்லை. இந்த முறை வைத்தியம் என்று அவன் செய்யவில்லை, வெடிக்காது என்று அவளுக்கும் தெரியாது.

"ஆடல," என்றான். "கொஞ்சம்கூட ஆடல சாந்தா."

திருகாணி வைத்த கோலால் குண்டை வெளியே இழுத்தெடுத்தார்கள். விதிப்படி அந்த வாய்ப்பு போனது போனதுதான். மீதியிருந்த ஒன்றில் குண்டு கோடரியை உரசிக்கொண்டு போய் வலது பலூனை மட்டும் உடைத்தது. ஜோடிகளில் அவர்களுக்குக் கடைசிக்கு முந்தின இடம். வென்ற ஜோடியைவிட அதிகமாகக் கைதட்டல் அவர்களுக்குத்தான் கிடைத்தது. மருந்து போட மறப்பவர் அடுத்த கூட்டத்துக்கு எல்லோருக்கும் காபி கொண்டுவர வேண்டும் என்பது கிளப்பின் வழக்கமாம். சேனாபதி இரண்டு பெரிய ஃபிளாஸ்க் நிறைய ஃபில்டர் காபி கொண்டுபோனான். அதன்பின் வேறு யார் மறந்தாலும் காபி மட்டும் அவனே கொண்டுவர வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

இப்போதும் அவன் சுடுவதில்லை. சுடும் ஆசையும் இல்லை. காதுக் கவசத்தோடு மேஜையருகே நின்று, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நிரப்புகிறான். சாந்தாமணி போட்ட நிபந்தனை அது. "மருந்து, துணி, குண்டு" என்று அவன் குரல் மைதானம் முழுக்கக் கேட்கும். போன மாதம் ஒருவரோடு பேச்சு சுவாரசியத்தில் அவன் குப்பியை விட்டுவிட்டு நேராகத் துணியை எடுக்கப் போனான். அடுத்த மேஜையிலிருந்து வெர்னன் தன் துப்பாக்கியைத் துடைத்தபடியே, தலையை நிமிர்த்தாமல், டெக்சாஸ் இழுவையோடு தமிழிலேயே கேட்டார்:

"மருந்து?"