பூட்டக்காவின் ஒரே வார்த்தை

சட்டசபையின் பெரிய கதவைப் பூட்டுவதும் திறப்பதும்தான் அவள் வேலை. ஒன்பது வருஷமாக அதே கதவு, அதே சாவி, அதே சாம்பல் நிறச் சேலை. உறுப்பினர்கள் எல்லாரும் அவளைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

வாக்கெடுப்பு என்றால் மூன்று நிமிஷம் மணி அடிக்கும். மணி நின்றதும் அவள் உட்பக்கம் நின்று கதவைப் பூட்ட வேண்டும். சபாநாயகர் "கதவு?" என்று கேட்பார். "பூட்டியாச்சுங்க ஐயா" என்று அவள் சொல்ல வேண்டும். அவள் சொன்ன பிறகுதான் தலைகளை எண்ண ஆரம்பிப்பார்கள். சொல்லிவிட்டாளோ, எண்ணி முடிகிற வரை யார் தலைபோகிற அவசரத்தில் தட்டினாலும் திறக்கக் கூடாது.

இதில் கூத்து என்ன தெரியுமா? இத்தனை வாக்கெடுப்புக்குக் கதவு சாத்தியவளுக்கு இந்த நாட்டில் ஒரு ஓட்டுக் கிடையாது. சபையில் அறுபது பேர். முப்பத்தைந்து பேர் ஜனங்கள் ஓட்டுப் போட்டு வந்தவர்கள். மீதி இருபத்தைந்து பேரும் நியமனம். ஆலை முதலாளிகள் சங்கத்துக்கு இத்தனை, கப்பல் கம்பெனிகளுக்கு இத்தனை என்று பங்கு போட்டு வைத்திருந்தார்கள். அவள் குடியிருந்த ஆலைக் குடியிருப்புக்கென்று ஓர் ஆலை முதலாளி உட்கார்ந்திருந்தார். நாலாயிரம் பேர் வாழும் இடம். ஒருவரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. நாற்பத்துநாலு வயதாகியும் ஓட்டுச்சீட்டு என்ன நிறம் என்று அவளுக்குத் தெரியாது.

அன்று வந்திருந்தது அறுபது பேரையும் ஜனங்களே தேர்ந்தெடுக்கலாம் என்கிற மசோதா. நாற்பது பேர் கை தூக்க வேண்டும். தூக்காவிட்டால் ஐந்து வருஷத்துக்கு அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. முப்பத்தைந்து பேர் கைவசம் இருந்தார்கள். நியமன உறுப்பினர்களில் ஐந்து பேர் மனசு மாறி வந்து சேர்ந்தார்கள். ஆக மொத்தம் சரியாக நாற்பது. ஒருத்தர் தும்மப் போனாலும் கதை கந்தல்.

செருப்புக்கடையில் வேலை பார்க்கும் மகள் லீவு போட்டுவிட்டு வாசலில் கூட்டத்தோடு நின்றிருந்தாள். காலையில் தலை வாரும்போதே ஒரே பேச்சு.

"இன்னைக்கு ஜெயிச்சா அடுத்த தேர்தல்ல நீயும் நானும் ஒரே க்யூவுல நிக்கலாம்மா."

"நிக்கலாம். ஆனா நான்தான் முன்னாடி. இருபத்தாறு வருஷமா காத்திருக்கேன், நீ பின்னாடி நில்லுடி."

விவாதம் ஐந்து மணி நேரம் இழுத்தது. நியமன உறுப்பினர்களைக் கட்டி மேய்க்கும் அரசாங்கக் கொறடா லேசுப்பட்ட ஆளில்லை. தன் ஆட்களை ஒவ்வொருவராக எழுப்பிவிட்டுப் பேசவைத்துக்கொண்டே இருந்தார். கப்பல் கம்பெனிக்காரர் கப்பலின் வரலாற்றையே ஆதியிலிருந்து ஆரம்பித்தார். முன்வரிசையில் இருந்த டீச்சரம்மா நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, மூன்று முறை ஜெயித்து வந்தவர், இரண்டு முழங்காலும் போனவர்.

அந்தக் கட்டடத்தைக் கட்டிய புண்ணியவான்கள் பெண்களும் ஒருநாள் உறுப்பினராக வருவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஆண்களுக்குக் கதவை ஒட்டியே கழிப்பறை. பெண்களுக்கு இரண்டு மாடி இறங்கி, சமையல்கூடத்தைத் தாண்டிப் போக வேண்டும். திரும்பி வர எப்படியும் நாலு நிமிஷம் ஆகும். மணியோ மூன்று நிமிஷம்தான். அதற்குப் பூட்டக்கா ஒரு வழி வைத்திருந்தாள். பெண் உறுப்பினர் யாராவது கீழே போயிருந்தால் அவள் சாவி பூட்டில் சிக்கிக்கொள்ளும். திருகுவாள், இழுப்பாள், உஸ்ஸென்று பெருமூச்சு விடுவாள். அதற்குள் கீழே போனவர் மூச்சிரைக்க வந்துவிடுவார். எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்தான். "சாவிக்கு இன்னைக்கும் மூட்டுவலியாம்மா?" என்று சபாநாயகரே கேட்டுச் சிரித்திருக்கிறார்.

டீச்சரம்மா எழுந்து கதவருகே வந்தார். "தாங்கலம்மா. அந்தாளு இப்பதான் பாய்மரம் வரைக்கும் வந்திருக்கான். போயிட்டு வந்துரவா?"

"போயிட்டு வாங்க டீச்சர். மணியே அடிச்சாலும் நான் பாத்துக்கறேன்."

டீச்சரம்மாவின் தலை படிக்கட்டில் மறைந்ததுதான் தாமதம், கொறடா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கப்பல்காரர் பாய்மரத்தை நட்டாற்றில் விட்டுவிட்டு, "இத்துடன் முடித்துக்கொள்கிறேன்" என்று உட்கார்ந்தார். மணி அடித்தது.

பாவி, இதற்காகத்தான் காத்திருந்தானா!

கொறடா நிதானமாக நடந்து வந்து அவள் தோளருகே நின்றார். கையில் கடிகாரம். "காலையிலேயே பூட்டுக்கு எண்ணெய் விடச் சொல்லிட்டேன்மா. இனிமே சாவி சிக்காது" என்றார். குரலில் அத்தனை கரிசனம்.

மணி நின்றது. வராந்தா காலியாக இருந்தது. கீழே எங்கோ படியில் மெதுவாகக் காலடிச் சத்தம் கேட்டது. "ம்" என்றார் கொறடா. அவள் கதவைச் சாத்தினாள். சாவி வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு திரும்பியது.

போகட்டும், இன்னும் அவள் வாயில் ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. அவள் சொல்லாமல் எண்ண முடியாது. "பூட்டு சரியா விழலீங்க ஐயா, ஒரு தடவை திறந்து பூட்டறேன்" என்று சொன்னால் போதும், டீச்சரம்மா உள்ளே வந்துவிடுவார். வேலை போனால் போகட்டும், நிரந்தரமாகாத வேலைதானே. அவள் முடிவே பண்ணிவிட்டாள். அந்த வாக்கியத்தை மனசுக்குள் இரண்டு முறை சொல்லியும் பார்த்தாள்.

"கதவு?" என்றார் சபாநாயகர்.

"பூட்டியாச்சுங்க ஐயா."

சொன்னது யார் என்று அவளே ஒரு கணம் திகைத்தாள். ஒன்பது வருஷம், ஆயிரக்கணக்கான தடவை, கேட்டதும் சொல்லிப் பழகிய வாய். மனசைக் கேட்காமலே சொல்லிவிட்டது. அதே நேரம் வெளியிலிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ஐயா! தப்பாச் சொல்லிட்டேங்க! பூட்டல ஐயா, இருங்க, திறக்கறேன்..."

சாவியைப் பிடித்த அவள் கை மேல் கொறடாவின் கை விழுந்தது. மசோதாவின் பக்கம் இருந்த அத்தனை பேரும் எழுந்து கூச்சல் போட்டார்கள். சபாநாயகர் மேசையைத் தட்டினார். "கதவுக் காவலருக்கு இந்த அவையில ஒரு வார்த்தைதான். அதைச் சொல்லியாச்சு. இன்னொரு வார்த்தை பேசினா வெளியே அனுப்ப வேண்டியிருக்கும்."

வெளியே அனுப்பினால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஆனால் எண்ணி முடியும் வரை அதுவும் முடியாது. டீச்சரம்மா தட்டிக்கொண்டே இருந்தார். தட்டு ஒவ்வொன்றும் முதுகுப் பக்கம் மரத்தின் வழியாக அவள் உடம்பில் இறங்கியது. எழுத்தர் விரலை நீட்டி நீட்டி எண்ணினார். முப்பத்தேழு. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

கதவைத் திறந்தபோது டீச்சரம்மா வாசலில் நின்றிருந்தார். கையை நன்றாகத் துடைக்கக்கூட இல்லை, சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் போயிருக்கவே கூடாதும்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, நான்தான டீச்சர் உங்களைப் போகச் சொன்னேன்! அது வந்து, என் வாய்..."

கொறடா அந்த வழியாக வந்தார். போகிற போக்கில் ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். "ரொம்ப நன்றிம்மா. உங்க நிரந்தர ஆர்டருக்கு நானே கையெழுத்து வாங்கித் தரேன்."

டீச்சரம்மா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பிடித்திருந்த கையை மெல்ல விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வேலை முடிந்து வாசலுக்கு வந்தாள். கூட்டத்தில் பாதி கலைந்திருந்தது. மகள் இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"ஒரே ஒரு ஓட்டுல போச்சாம்மா. உள்ளேயே எவளோ காட்டிக் கொடுத்துட்டாளாம். நீ அங்கேதான இருந்த, யாரும்மா அது?"

வாய் தவறிவிட்டது என்று சொல்லலாம். சத்தியம் அதுதான். சொன்னால் மகள் நம்புவாள், அம்மா ஆயிற்றே. குடியிருப்பில் மற்ற நாலாயிரம் பேருக்கு என்ன சொல்வது? நாளைக்கு அந்த ஆர்டர் வந்து நிற்கும்போது மகளுக்கேதான் என்ன சொல்வது?

"நான்தான்" என்றாள்.

"போம்மா, விளையாடற நேரமா இது" என்று மகள் சிரிக்கப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.