ஏழாம் எண்ணில் ஆள் உண்டு

திங்களும் வியாழனும் காலை பத்து மணிக்கு அவள் பூங்காவின் பின்வாசல் வழியாக உள்ளே போவாள். கையில் பதிவேடு, கழுத்தில் நகராட்சி அடையாள அட்டை, சேற்றுக்குப் பயந்து காலில் ரப்பர் பூட்ஸ். பழைய தண்ணீர்த் தொட்டியின் சுவரை ஒட்டி இருபது கூடாரங்கள் இருந்தன. தார்ப்பாய், பிளாஸ்டிக் விரிப்பு, விளம்பரத் தட்டியிலிருந்து உரித்த துணி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் இழுத்துக் கட்டியவை. ஒவ்வொன்றின் நெற்றியிலும் பெயிண்டில் ஓர் எண். எண்ணுக்கு முன்னால் நின்று குரல் கொடுத்து, உள்ளே ஆள் இருந்தால் 'ஆள் உண்டு' என்ற கட்டத்தில் ஒரு டிக் போடுவது அவள் வேலை. அடுத்தடுத்து இரண்டு முறை ஆள் இல்லையென்றால் லாரி வந்து கூடாரத்தைப் பிரித்து அள்ளிக்கொண்டு போய்விடும்.

அதனால் அங்கே அவளுக்கு 'டிக் மேடம்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகு திரும்பியதும் சொல்வார்கள், அவளும் கேட்காததுபோல் நடப்பாள்.

ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் டிக் போட வேண்டும் என்பது விதி. விதியை எழுதிய மகராசன் கூடாரத்தில் ஒரு நாளாவது படுத்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டான். கழிப்பறைக்கு ரயில் நிலையம்வரை நடக்க வேண்டும். வரிசையில் நின்று திரும்புவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். கூலி வேலைக்குப் போகிறவன் விடிவதற்கு முன்பே போய்விடுவான். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. யார் இல்லாவிட்டாலும் பக்கத்துக் கூடாரம் அவருக்காகக் குரல் கொடுக்கும். "குளிக்கப் போயிருக்காரு மேடம்!" "இப்பத்தான் தண்ணி புடிக்கப் போனா!" "தூங்குறாரு, எழுப்பவா?" அவளும் எழுப்ப வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு டிக் போடுவாள். பொய் என்று தெரியாமல் இல்லை. வயிற்றெரிச்சலில் சொல்கிற பொய்யும் உண்டு, பாசத்தில் சொல்கிற பொய்யும் உண்டு; இது இரண்டாவது ரகம் என்று விட்டுவிட்டாள்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவள் தன் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. ஏழாம் எண் கூடாரத்தில் இருந்தது அவளுடைய அண்ணன்.

லேத் பட்டறையில் இருபத்தைந்து வருஷம் இரும்பு கடைந்தவன். பட்டறையை மூடியதும் அவள் வீட்டுக்கு வந்து ஹாலில் பாய் போட்டான். இரண்டே அறை உள்ள வீடு. ஆறு மாதம் ஓடியது. ஒரு நாள் புருஷன் வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "உங்க அண்ணன் இன்னும் எத்தனை நாளைக்கு ஹால்ல படுத்திருக்கப் போறாரு?" என்று கேட்டான். சண்டைக்குக் கேட்கவில்லை. களைத்துப்போய்க் கேட்டான், அவ்வளவுதான். சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த அண்ணனின் காதில் அது விழுந்தது. குழாய் நின்ற சத்தம் அவளுக்குக் கேட்டது. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மறுநாள் காலையில் பாய் சுருட்டி வைத்திருந்தது, ஆள் இல்லை.

ஒன்றரை வருஷம் கழித்து, இந்தக் கணக்கெடுப்பு வேலையின் முதல் நாளில், ஏழாம் கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு அந்த முகம் வெளியே வந்தது. அவள் பேனா மூடியைக் கழற்றினாள். ஊரில் இரத்தச் சொந்தம் இருப்பவர்களுக்குப் பூங்காவில் இடம் கிடையாது என்று இன்னொரு விதி. பக்கத்தில் மேலாளர் வேறு நின்றுகொண்டிருந்தார். "பேரு?" என்று கேட்டாள். அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாயில் வந்த ஏதோ ஒரு பெயரைச் சொன்னான். "சொந்தக்காரங்க யாராவது?" என்றாள். "யாரும் இல்லீங்க" என்றான். அவள் எழுதிக்கொண்டாள். எழுத்து மட்டும் கொஞ்சம் கோணிப்போயிருந்தது.

அதற்குப் பிறகு அவன் வெளியே வந்து அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவள் குரல் கொடுத்தால் உள்ளேயிருந்து ஒரு செருமல், பிறகு "இருக்கேன்." அந்த ஒரு வார்த்தைக்காகவே வாரம் இரண்டு நாள் அவளுக்கு விடிந்தது. சோப்பு, பிஸ்கட், காலுறை என்று ஏதாவது ஒரு பொட்டலத்தைக் கூடாரத்து வாசலில் வைப்பாள். ஒருவனுக்கு மட்டும் வைத்தால் சந்தேகம் வருமே என்று நாலு பேருக்கும் வைப்பாள். டிக் மேடம் தங்கமான மனுஷி என்ற பேச்சு அப்படித்தான் வந்தது. ஒரு முறை பிஸ்கட்டோடு தன் வீட்டுச் சாவி ஒன்றையும் சிவப்புக் கயிற்றில் கோத்து வைத்தாள். "எப்ப வேணா வா" என்று ஒரு துண்டுச் சீட்டு. பதில் இல்லை, ஆனால் சாவி திரும்பியும் வரவில்லை. அவளுக்கு அது போதும்.

பிறகு, மழை பிடித்த வாரத்தில், ஏழாம் எண்ணிலிருந்து "இருக்கேன்" நின்றுபோனது. அதற்குப் பதில் எட்டாம் எண்ணிலிருந்து தையல்காரம்மாவின் குரல் வந்தது. கிழிந்த துணிகளையெல்லாம் ஒட்டுப்போட்டுக் கொடுத்துப் பிழைக்கும் பெண். ஊசி வாயில் இருந்தாலும் பேச்சு நிற்காது.

"அவரு தூங்குறாரும்மா!"

"இப்பவுமா?"

"குளிர்ல ராத்திரி பூரா உக்காந்திருந்தாரு. இப்பத்தான் கண்ணு அசந்தாரு."

தூங்கட்டும் என்று அவள் டிக் போட்டாள். அண்ணன் நன்றாகத் தூங்குகிறான் என்று நினைத்தபோது மனசுக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் அரசு மருத்துவமனையிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஐம்பதைத் தாண்டிய, தாடி வைத்த, மெலிந்த ஆண் ஒருவர் பொது இடத்தில் மயங்கி விழுந்து இறந்துவிட்டார். பூங்காவில் தங்கியிருப்பவர்களில் யாராவது காணாமல் போயிருக்கிறார்களா என்று கேட்டிருந்தார்கள். தாடி, ஐம்பது, மெலிவு என்றால் பூங்காவில் பாதிப் பேர் அப்படித்தான். பதிவேட்டைப் புரட்டினாள். இருபது எண், இருபது டிக். 'எங்கள் பதிவேட்டின்படி எவரும் குறையவில்லை' என்று பதில் எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பினாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த மாதக் கடைசியில் நகர மன்றத்தில் பூங்கா விவகாரம் வந்தது. பூங்காவுக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர் நூறு பேரிடம் கையெழுத்து வாங்கி வந்திருந்தார்.

"பூங்கா எல்லாருக்கும் சொந்தம்ங்க. இருபது பேரு குடித்தனம் பண்ணா மத்தவங்க எங்க நடக்கிறது? என் பொண்ணு ஆறு மாசமா சுத்து வழியாத்தான் பள்ளிக்கூடம் போகுது. பாதிக் கூடாரத்துல ஆளே கிடையாது, சும்மா இடம் புடிச்சு வச்சிருக்காங்க."

அவர் கெட்டவர் இல்லை. காய்ச்சல் என்று யாராவது கூடாரத்திலிருந்து போனால் காசு வாங்காமல் மாத்திரை கொடுப்பவர். ஆனாலும் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டல்லவா, அந்த எல்லை அவர் கடை வாசல்வரை வந்துவிட்டது. இருபது பேரை எழுப்பி எங்கே அனுப்புவது என்று மன்றத் தலைவர் கேட்டதற்கு அவர் கையெழுத்துத் தாளைத்தான் மறுபடி நீட்டினார்.

கடைசியில் அவளுடைய பதிவேடுதான் கூடாரங்களைக் காப்பாற்றியது. எழுந்து நின்று வாசித்தாள்: எல்லா எண்ணிலும் ஆள் உண்டு, ஒன்றுகூடக் காலி இல்லை. போக இடமில்லாதவர்கள்தான் அங்கே இருக்கிறார்கள் என்று தெரிகிறது, இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும் என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: பதிவேட்டில் ஒரு டிக் பொய் என்று தெரிந்தாலும் அனுமதி ரத்து. சேர்த்தார்கள். அதன் கீழும் அவள் கையெழுத்துப் போட்டாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியில், அண்ணனுக்கு ஒரு வருஷம் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி.

பத்து நாள் கழித்து மருத்துவமனை ஊழியர் ஒருவர் பழுப்பு நிறக் காகிதப் பை ஒன்றைக் கொண்டுவந்தார். யாரும் உரிமை கோராத உடல்களை அடக்கம் செய்த பிறகு அவர்களுடைய பொருள்களை நகராட்சியில்தான் ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும்.

"இதப் பாத்து எழுதி வாங்கிக்கங்க. ஒரு சட்டை, ஒரு சீப்பு, ஒரு சாவி."

சாவி சிவப்புக் கயிற்றில் இருந்தது.

அவள் அதை எடுத்துப் பார்த்தாள். பிறகு தன் கைப்பையைத் திறந்து தன் சாவியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பல்லுக்குப் பல் ஒன்றாக இருந்தது. பையின் மேல் ஒட்டியிருந்த சீட்டில், அவன் மயங்கி விழுந்த இடமும் தேதியும் எழுதியிருந்தன. இடம், ரயில் நிலையத்துக்கு வெளியே பேருந்து நிறுத்தம், மூன்றாம் தடம். அந்தத் தடத்தில் நிற்பது ஒரே பேருந்து. தினமும் அவள் வீட்டுக்குப் போகிற பேருந்து.

"என்ன மேடம், ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. எங்க புதைச்சிருக்காங்க?"

"நகராட்சி இடுகாட்டுலதான். தலைமாட்டுல நட்டிருக்கிற கட்டைல நூத்திப் பன்னெண்டாம் நம்பர்னு இருக்கும். பேரு தெரியாதே, அதனால நம்பர்தான்."

ஊழியர் போனபிறகு அவள் பொருளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நெஞ்சு வெடிக்கிற மாதிரி அழுகை, ஆனால் வாயைப் பொத்திக்கொண்டு அழ வேண்டியிருந்தது, அடுத்த அறையில் மேலாளர் இருந்தார். சீட்டிலிருந்த தேதிக்குப் பிறகு பதிவேட்டில் எண்ணிப் பார்த்தாள். பத்து டிக். செத்துப்போன அண்ணனுக்குப் பத்து முறை ஆள் உண்டு என்று போட்டிருக்கிறாள். அவன் சவக்கிடங்கில் கிடக்கும்போது, யாரும் குறையவில்லை என்று தன் கையாலேயே எழுதி முத்திரையும் குத்தியிருக்கிறாள். ஒரே ஒரு நாள் அந்தத் துணியை விலக்கிப் பார்த்திருந்தால் போதும், பெயரோடு போயிருப்பான்.

கட்டையில் பெயர் எழுத ஒரு படிவம் உண்டு. மேலாளரிடம் யாருக்கோ கேட்பதுபோல் கேட்டாள்.

"சொந்தக்காரங்க கையெழுத்துப் போட்டாப் போதும். ஆனா நாம முன்னாடியே யாரும் குறையலன்னு எழுதிக் குடுத்துட்டா, அது ஏன் தப்பாச்சுன்னு விளக்கம் எழுதணும். அது நேரா மன்றத்துக்குப் போகும். யாருக்கும்மா?"

"தெரிஞ்சவங்களுக்கு" என்றாள்.

படிவத்தை வாங்கிப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டாள். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் அண்ணனின் உண்மையான பெயரை எழுதினாள். உறவு என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதை எழுதினால் அண்ணனுக்குப் பெயர் கிடைக்கும், மீதிப் பத்தொன்பது பேருக்கும் லாரி வரும். எழுதாவிட்டால் அண்ணன் வெறும் நூற்றுப் பன்னிரண்டு. அன்றைக்கு ஹாலில் வாயைத் திறக்காமல் இருந்தவள் இன்றைக்கும் வாயைத் திறக்கப் போவதில்லையா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். நாளை பூங்காவுக்குப் போய்விட்டு வந்து, மதியத்துக்குள் படிவத்தைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

மறுநாள் வியாழன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒன்றிலிருந்து ஆறுவரை டிக் போட்டுக்கொண்டு வந்து ஏழின் முன்னால் நின்றாள்.

"ஏழு, ஆள் இருக்கா?"

"தூங்குறாரும்மா!" எட்டிலிருந்து குரல்.

அவள் நகரவில்லை. எட்டின் வாசலில் போய்க் குந்தினாள். தையல்காரம்மா ஒரு கிழிந்த போர்வையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, லாரி வராது, நான் எதுவும் எழுத மாட்டேன். உண்மையைச் சொல்லுங்க. அவரு எங்க போறேன்னு சொல்லிட்டுப் போனாரு?"

தையல்காரம்மா ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தாள்.

"சத்தியமா எழுதிடாதீங்க மேடம். அவருக்கு இந்த ஊர்லயே ஒரு தங்கச்சி இருக்கு. அது வீட்டுக்குத்தான் போனாரு. அஞ்சு வாரம் ஆச்சு. சட்டைல பட்டன் இல்லன்னு என்கிட்டதான் தச்சு வாங்கினாரு. தலைய சீவிக்கிட்டு, கழுத்துல சாவியப் போட்டுக்கிட்டு, சின்னப் புள்ள மாதிரி நின்னாரு. 'சாவி குடுத்திருக்கா, அப்ப நான் விருந்தாளி இல்லதானே'ன்னு என்னைக் கேட்டாரு."

மழை தார்ப்பாயில் விழுந்துகொண்டிருந்தது.

"ஒத்து வரலன்னா ரெண்டு நாள்ல வந்துடுவேன், இடத்த மட்டும் பாத்துக்கன்னு சொன்னாரு. அதான் நானும் தூங்குறாரு தூங்குறாருன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். நீங்க வச்ச சோப்பு, பிஸ்கட்டு எல்லாம் உள்ள அப்படியே இருக்கு, ஒருத்தரையும் தொட விடல. வரலியே மனுஷன். அப்படின்னா ஒத்து வந்துடுச்சுன்னுதானே அர்த்தம்?" தையல்காரம்மா சிரித்தாள். "நல்ல தங்கச்சி போல மேடம். நல்லா வச்சுப் பாத்துக்குது. இல்லன்னா இந்த மழைக்கு எங்களையாச்சும் ஒரு எட்டு பாக்க வந்திருக்க மாட்டாரா?"

அவள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"ஆமாக்கா" என்றாள். "நல்லா இருப்பாரு."

"நானும் அதான் நினைச்சேன். அவரு இடத்துல வேற யாரையாச்சும் விடலாமா? ரயிலடியில ஒரு வயசான பொம்பள நனைஞ்சுக்கிட்டுக் கிடக்கு. அவரு திரும்பி வந்தா நான் சொல்லிக்கிறேன்."

"விடுங்க."

அவள் எழுந்து ஏழின் முன்னால் போய் நின்றாள். முதல் முறையாகத் துணியை விலக்கி உள்ளே பார்த்தாள். அவள் வைத்த பொட்டலங்களுக்குப் பக்கத்தில் சுருட்டி வைத்த பாய் ஒன்று இருந்தது. துணியை விட்டுவிட்டுப் பதிவேட்டைத் திறந்தாள். உறவு என்ற இடம் காலியாக இருந்த படிவத்தை எடுத்து நாலாக மடித்துக் கைப்பைக்குள், இரண்டு சாவிகளோடு வைத்தாள். ஏழாம் எண்ணுக்கு நேரே, ஆள் உண்டு என்ற கட்டத்தில், பதினோராவது டிக்கைப் போட்டாள்.

"எட்டு, ஆள் இருக்கா?"

"இருக்கேம்மா" என்றாள் தையல்காரம்மா.