ஃப்ரீ பீரியடில் ஏறிய அழுத்தம்

கணக்கு டீச்சருக்கு ஒரு மாதமாகப் பிடரி இறுகியிருந்தது. மாலையானால் தலை பாரம், படுத்தால் தூக்கம் கண்ணாமூச்சி ஆடியது. டாக்டரம்மா அவர் கையில் ஒரு பட்டையைக் கட்டி, இடுப்பில் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டார். பட்டை அரை மணிக்கொரு தரம் தானாக உப்பி, ரத்த அழுத்தத்தை அளந்து பதிந்துகொள்ளும். அப்போது கையை அசைக்கக் கூடாது. என்ன செய்துகொண்டிருந்தோம் என்று ஒரு தாளில் குறித்துவைக்க வேண்டும். இருபத்துநாலு மணி நேரம் இந்தக் கூத்து.

"வகுப்புல ரொம்ப ஏறுதுன்னா, பாடம் எடுக்கறதை நிறுத்திட்டு ஆபீஸ் வேலைக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்துடறேன்" என்றார் டாக்டரம்மா, பெரிய உபகாரம் செய்வதுபோல்.

"அதான் நானும் சொல்றேன்" என்று வீட்டுக்காரர் தலையாட்டினார். அவர் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

இருபத்திரண்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தினாலும், எட்டாம் வகுப்பு 'பி' பிரிவின் நாற்பத்தாறு வானரங்களை விட்டுவிட்டு ரப்பர் ஸ்டாம்ப் குத்தப் போக டீச்சருக்கு மனசே இல்லை.

மறுநாள் முதல் பீரியடில் பட்டை உர்ரென்று உப்பியது. டீச்சர் சாக்பீஸோடு அப்படியே நின்றார்.

"கையில என்ன டீச்சர்?" என்றாள் முதல் பெஞ்ச் வாயாடி.

மறைத்துப் பழக்கமில்லாதவர், உள்ளதைச் சொன்னார். "பிரஷர் பாக்குது. நம்பர் அதிகமா வந்தா, இனிமே நான் உங்களுக்குப் பாடம் எடுக்க முடியாது."

சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த முறை பட்டை உப்பியதும் வகுப்பு கப்சிப். கடைசி பெஞ்சில் ஒருத்தன் வந்த தும்மலை மூக்கைப் பிடித்து விழுங்கினான். இடைவேளைக்குள் செய்தி மற்ற வகுப்புகளுக்கும் பரவிவிட்டது. டீச்சர் போன வகுப்பிலெல்லாம் பட்டைக்கு அப்படியொரு மரியாதை. இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் எப்படி உட்கார வேண்டும் என்று வருஷா வருஷம் பயிற்சி கொடுத்தவரே அவர்தான். பிள்ளைகள் இப்போது அதை அவருக்கே நடத்திக் காட்டினார்கள். பாசத்தை நினைத்துச் சிரிப்பு வந்தது. இது அப்பட்டமான காப்பி என்று மனசும் குத்தியது.

இருபத்துநாலு மணி நேரம் முடிந்து, வீட்டுக்காரரோடு பட்டையைக் கழற்றப் போனபோது, டாக்டரம்மாவிடம் முதல் வேலையாக அதைத்தான் ஒப்புக்கொண்டார். "இது செல்லாது டாக்டர். முதல் தடவைக்கு அப்புறம் விஷயம் தெரிஞ்சு, எனக்காகப் பசங்க அமைதியா இருந்தாங்க. காப்பியடிச்சு பாஸ் பண்ண மாதிரி."

டாக்டரம்மா தாளில் விரலை ஓட்டினார். "முதல் தடவை அவங்களுக்கு விஷயமே தெரியாதே. அப்பவும் நூத்தி இருபத்தெட்டுதான். ஆனா பதினொன்றரைக்கு நூத்தி எழுபது. 'ஃப்ரீ பீரியட்'னு எழுதியிருக்கீங்க. சும்மா உக்காந்திருந்தீங்களா?"

"ஃப்ரீ பீரியட்ல யாரு டாக்டர் சும்மா உக்கார்றா? ஹெட்மாஸ்டருக்கு மூணு பட்டியல் குடுக்கணும். அதையே கம்ப்யூட்டர்ல ஏத்தணும். ஏத்தினதை மறுபடி நோட்டுல எழுதணும்."

"மூணு மணிக்கு?"

"அதுவும் ஃப்ரீதான்."

"ராத்திரி ஒன்பதுக்கு நூத்தி அறுபது?"

"ஆபீஸ் வேலை எவ்வளவு சுகம்னு இவர் எடுத்துச் சொல்லிட்டிருந்தார்."

வீட்டுக்காரர் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்.

"உங்க உடம்புக்கு வகுப்பு நல்லா ஒத்துக்குது. ஆபீஸ் வேலைதான் ஒத்துக்கல" என்ற டாக்டரம்மா, ஒரு மாத்திரையும் தினம் அரை மணி நடையும் எழுதினார். ஃப்ரீ பீரியடில் எந்த வேலையும் தரக் கூடாதென்று பள்ளிக்கு ஒரு கடிதமும் கொடுத்தார். டீச்சருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் தலைமையாசிரியர் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"உங்ககிட்ட நான் மூணு பட்டியல்தான் கேக்கறேன் டீச்சர். மேல இருக்கறவங்க எங்கிட்ட ஏழு கேக்கறாங்க" என்றார். சரி, பார்த்துக்கொள்கிறேன் என்று கடிதத்தை மேஜைக்குள் வைத்தவர், எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "அந்தப் பட்டையை எங்க கட்டறாங்க?"

டீச்சர் விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டு 'பி' பிரிவுக்கு விரைந்தார். கையில் பட்டை இல்லையென்று காலையிலேயே தெரிந்துகொண்ட வகுப்பு, சந்தைக்கடையாக இரைந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று அந்த இரைச்சலை ஒரு நிமிஷம் ஆசை தீரக் கேட்டார். பிறகு, "யாருடா அங்க கத்தறது?" என்று நாற்பத்தாறு பேரையும் மிஞ்சும் குரலில் கத்திக்கொண்டே உள்ளே போனார்.